தேங்காய் எந்தப் பிரிவு?

“ஒரு நாடகம் அறிவியல் புனைவா, மிகுபுனைவா என்பதில் ஐயம் எழுமாயின், நடுவர் குழு தானே முடிவெடுத்தல் கூடாது, தலைமை அலுவலகத்தின் தெளிவுரையைப் பெற்று அதன்படி செயல்பட வேண்டும்.” மாவட்டப் பள்ளி நாடகப் போட்டிக்கான நெறிமுறைகளில் விதி ஒன்பது, உட்பிரிவு ஆ.

நல்ல விதிதான். இதை எழுதியவருக்கு நாடகம் தெரிந்திருக்காவிட்டாலும் தலைமை அலுவலகம் என்று ஒன்று இருப்பது தெரிந்திருக்கிறது. அது பதில் போடும் என்ற நம்பிக்கையும் இருந்திருக்கிறது. அந்த நம்பிக்கையை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று நானும் பல நாள் யோசித்திருக்கிறேன்.

போட்டிப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள், “சார், உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்க” என்று கேட்டீர்கள். பந்தலுக்கு விலைப்புள்ளி வாங்குவது, மைக் செட்காரரைக் காலையிலேயே வரவைப்பது, கேடயங்கள் கடையிலிருந்து வந்தவுடன் பெயரைச் சரிபார்ப்பது எல்லாம் சுற்றறிக்கையில் இருக்கின்றன. படித்துக்கொள்ளுங்கள். சுற்றறிக்கையில் இல்லாத ஒரு பிற்பகலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அந்த இரண்டு பிரிவுகள் பற்றி. நாடகப் போட்டியில் இனிமேல் அறிவியல் புனைவு, மிகுபுனைவு என்று இரண்டு பிரிவுகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் முதலிடம் பெறும் குழு சென்னைக்குப் போகும் என்று ஆணை வந்தபோது நான் இந்தப் பிரிவில் உதவியாளன். கண்காணிப்பாளராக இருந்தவர் மதிய உணவு இடைவேளையில் கதைப் புத்தகம் படிப்பவர். அட்டையில் ராக்கெட்டும் இருக்கும், டிராகனும் இருக்கும். அவரிடம் போய், இரண்டுக்கும் என்ன சார் வித்தியாசம் என்று கேட்டேன்.

அவர் புத்தகத்தை மூடாமலே சொன்னார்: “அறிவியல் புனைவுங்கறது விண்ணப்பம்யா. காரணம் எழுதி, ஆதாரம் இணைச்சு, கையைக் கட்டி நிக்கணும். காரணம் பொய்யாக்கூட இருக்கலாம், ஆனா இருக்கணும். மிகுபுனைவுங்கறது ஆணை. ‘இதனால் ஆணையிடப்படுகிறது, மயில் பேசும்.’ முடிஞ்சுது. ஏன்னு எவனும் கேக்க முடியாது.”

“அப்ப ஆணை போடறது சுலபமுங்களே சார்?”

“போடறது சுலபம். போட்டதுக்கப்புறம் அதை நீயே மீறக் கூடாது. மொதக் காட்சியில மயில் பேசினா கடைசிக் காட்சியிலயும் பேசணும். மந்திரம் போட்டா பலிக்கணும். பலிக்காத மந்திரத்தை வெச்சுக்கிட்டு மாயக்கதை எழுத முடியாது. போய் டீ சொல்லு.”

இதைவிடத் தெளிவாக இந்தப் பொருளைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை. டீ சொல்லப் போனதில் கடைசிப் பகுதியை மட்டும் மறந்துவிட்டேன். அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று பிறகு தெரிந்தது.

நம் மாவட்டத்தில் இந்தப் பிரிவினைக்கு வேறொரு சிக்கலும் இருந்தது. மிகுபுனைவு என்ற சொல்லைப் பார்த்ததும் தலைமையாசிரியர்கள் தொலைபேசியில் கூப்பிட்டார்கள்.

“ஏனுங்க, மிகுபுனைவுன்னா என்னங்க?”

“மாயக்கதைங்க.”

“அதுக்கு மார்க் உண்டுங்களா?”

“மார்க்கெல்லாம் இல்லீங்க, நாடகம்.”

“அப்ப எங்களை சயின்ஸுலயே போட்டுக்குங்க.”

இங்கே ‘அறிவியல்’ என்று எழுதிய பெட்டியில் எதைப் போட்டாலும் பெற்றோர் கையெழுத்துப் போடுவார்கள். ஆகவே பெரும்பாலான பள்ளிகள் எல்லாவற்றையும் அறிவியலில் அனுப்பின. பாம்பு பெண்ணாக மாறும் கதை ஒன்று வந்தது. “இதெல்லாம் மரபணு செய்யும் வேலை” என்று பூசாரி பேசுவதாக ஒரு வசனம் சேர்த்திருந்தார்கள். பூசாரிக்கு வெள்ளை கோட்டும் மாட்டியிருந்தார்கள்.

நான் கண்காணிப்பாளராக உட்கார்ந்து சில ஆண்டுகள் கழித்து, போட்டி புதுச்சத்திரம் பக்கத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மண்டபத்தில் நடந்தது. மேடையில் உருக்கமான வசனம் வரும்போதெல்லாம் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். மூன்று நடுவர்கள். ஒருவர் சென்னையிலிருந்து வந்திருந்த நாடகப் பயிற்சியாளர், ஐம்பது வயதுப் பெண்மணி, எதையும் முழுசாகக் கேட்டுவிட்டுப் பேசுபவர். இரண்டாமவர் திருச்செங்கோட்டில் பொறியியல் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர். மூன்றாமவர் அதே ஊரைச் சேர்ந்த ரிக் முதலாளி, அதாவது ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகள் வைத்திருப்பவர். கேடயம் முழுவதும் அவர் உபயம். உபயதாரர் நடுவராக இருக்கலாமா என்று கேட்காதீர்கள். கூடாது என்று விதி இல்லை. இனி வரும்.

காலையிலேயே ஓர் அரசுப் பள்ளித் தமிழாசிரியை என்னை ஓரமாக அழைத்துப் போனார். அவர் குழுவின் நாடகத்தை எழுதியவள் கௌசல்யா, பதினோராம் வகுப்பு. அப்பா ரிக் வண்டியில் ஆபரேட்டர், வடக்கே வேலைக்குப் போய் மாதக்கணக்கில் வராதவர். இந்த முறை மகளுக்காக வந்திருக்கிறார்.

“சார், அவிங்கப்பா இது சயின்ஸ் போட்டின்னு நினைச்சுத்தானுங்க கையெழுத்துப் போட்டாரு. ஜெயிச்சா மெட்ராசுல பயிற்சி முகாம் வேற இருக்குதுங்களே. சயின்ஸுன்னா அனுப்பறேன், கூத்து, சாமி வேசம்னா புள்ளைய வெளியூர் அனுப்ப மாட்டேன்னு சொல்லிப்புட்டாரு. அவ போகலீன்னா நாடகமே இல்லீங்க.”

“பிரிவு நீங்க குறிச்சுக் கொடுத்ததுதானே, டீச்சர்? அறிவியல்னுதான் இருக்கு. என்ன கவலை?”

“நாடகத்தைப் பார்த்துப்போட்டுச் சொல்லுங்க சார்” என்றார் அவர்.

பார்த்தேன். நாடகம் எதிர்காலத்தில் நடக்கிறது. மேடையில் ஒரு தள்ளுவண்டி, அதன் மேல் நட்டுவைத்த மூங்கில். அதுதான் ரிக். திரைக்குப் பின்னால் நான்கு பெண்கள் வாயாலேயே கம்ப்ரசர் ஓட்டினார்கள். ஹாரன் அடித்துக்கொண்டிருந்த லாரிகளே வெட்கப்படும் அளவுக்கு ஓட்டினார்கள். முதலில் நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு விவசாயக் காட்டைச் சுற்றி நடக்கிறார். ஓரிடத்தில் தேங்காய் மெல்ல எழுந்து செங்குத்தாக நிற்கிறது. “இங்கதான் பாயிண்ட்டு!” வண்டி வருகிறது, துளை இறங்குகிறது. தண்ணீர் இல்லை, பாறைத் தூள் கிளம்பும் புகைதான். இன்னும் இறக்கு என்கிறார் நிலத்துக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரர். இறக்குகிறார்கள். புகைதான். ஆயிரம் அடி, பத்தாயிரம் அடி, கணக்கு மறந்துபோகும் ஆழம். அப்போது கீழேயிருந்து குழாயை யாரோ தட்டுகிற சத்தம்.

ஆபரேட்டர் வண்டியை நிறுத்துகிறார். அவரும் பதிலுக்குத் தட்டுகிறார். அமைதி. பிறகு துளைக்குள்ளிருந்து ஒரு குரல்:

“ஏனுங்க, மேல யாருங்க?”

மண்டபம் அதிர்ந்துவிட்டது. பூமியின் அந்தப் பக்கத்தில் இன்னொரு வண்டி துளை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. அதுவும் திருச்செங்கோட்டு வண்டி. உலகத்தில் எங்கே துளை போட்டாலும் அது நம்ம ஊர் வண்டியாகத்தானே இருக்கும்? இரண்டு பக்கமும் ஊர் விசாரித்து, உறவு விசாரித்து, கடைசியில் மேலே இருப்பவர் கேட்கிறார்:

“உங்க பக்கம் தண்ணி இருக்குதுங்களா?”

“இல்லீங்களே. உங்க பக்கம் இருக்கும்னுதானுங்க நாங்க வந்தோம்.”

விளக்கு அணைந்தது. சிரித்துக்கொண்டிருந்த மண்டபம் சட்டென்று அடங்கியது. ஒரு ஹாரன்கூட அப்போது அடிக்கவில்லை.

மதிப்பெண்களைக் கூட்டினோம். அறிவியல் புனைவில் கௌசல்யாவின் நாடகம் முதலிடம். இரண்டாவது, ஒரு பெரிய விடுதிப் பள்ளியின் ரோபோ நாடகம். மிகுபுனைவில் பேசும் மயில் வரும் ராஜா கதை எல்லாரையும் தாண்டி வெகு தூரத்தில் முதலிடத்தில் இருந்தது.

பட்டியலை நகல் எடுக்கக் கொடுத்திருந்தேன். அதற்குள் விடுதிப் பள்ளியின் தாளாளர் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கையில் நெறிமுறைப் புத்தகம். நெறிமுறைப் புத்தகத்தை விலைகொடுத்து அச்சிட்டு வைத்திருக்கும் மனிதரை நீங்கள் சந்திக்கும்போது உட்கார நாற்காலி கொடுங்கள். உடனே போகமாட்டார்.

“எங்க ரோபோவுக்கு சென்சார் மாட்டியிருக்கறமுங்க. கண்ணுல எல்இடி. அவிங்க ஒரு தேங்காயைத் தூக்கிட்டு வந்து சயின்ஸுங்கறாங்க. தேங்கா என்ன சென்சாருங்களா? அது மாயக்கதைங்க. மாத்திப் போடுங்க.”

மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மிகுபுனைவில் மயில் முன்னால் நிற்கிறது. கௌசல்யா இரண்டாமிடம். சென்னை கிடையாது. ரோபோ சென்னைக்குப் போகும்.

“நடுவர்களைக் கேட்கிறேன்” என்றேன்.

“கேளுங்க. ஆனா ஐயம்னு ஒண்ணு எழுந்துட்டா ஒன்பது ஆ இருக்குதுங்க. நடுவர் முடிவு செல்லாது. ஐயத்தை நான் எழுப்பிட்டேன்.”

நடுவர்கள் இருந்த அறையில் தட்டில் போண்டா இருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

நாடகப் பயிற்சியாளர் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அவர் சொல்றதுல நியாயம் இருக்கு. தேங்காய் தானா எழுந்து நிக்குது. ஏன்னு காரணமே சொல்லலை. காரணம் சொல்லாத அதிசயம்னா அது மிகுபுனைவுதான்.”

“எதுங்கம்மா அதிசயம்?” என்றார் ரிக் முதலாளி.

“தேங்காய் எழுந்து நிக்கிறது.”

“அது நெதமும் நிக்குதுங்களே! நேத்துக் காலைல ஜேடர்பாளையத்துப் பக்கம் ஒரு தோட்டத்துல நின்னுச்சு. என்ற வண்டி அத்தனையும் அப்படித்தானுங்க ஓடுது. அது தொழிலுங்கம்மா.”

இயற்பியல் பேராசிரியர் தொண்டையைச் செருமினார். “அது நிரூபிக்கப்படாத விஷயம். நமக்கே தெரியாமல் கைத் தசைகள் அசைவதால்...”

“சார், கோவிச்சுக்காதீங்க. உங்க ஊட்டுப் போர்வெல்லுக்குப் பாயிண்ட்டு யாருங்க பார்த்தது?”

பேராசிரியர் ஒரு போண்டாவை எடுத்துக்கொண்டார். “அது என் சம்சாரம் செய்த ஏற்பாடு.”

“தேங்கா எந்திரிச்சுதுங்களா?”

“...எந்திரிச்சது.”

“தண்ணி?”

“அது வேற விசயம்” என்றார் பேராசிரியர். அந்தப் போண்டாவை அவர் வெகு நேரம் மென்றார்.

ரிக் முதலாளிக்கும் நாடகத்தின்மேல் புகார் இருந்தது. “என்னக் கேட்டா அதுல நம்பவே முடியாத எடம் ஒண்ணுதானுங்க. கீழ எவனோ தட்டறான்னு வண்டிய நிறுத்துனானே ஆபரேட்டரு. அடிக்கு இவ்வளவுன்னு ஓடற வண்டிங்க. எவனுங்க நிறுத்துவான்? அது மட்டுந்தான் மாயக்கதை.”

“அது இருக்கட்டும். பூமிக்கு நடுவில் இரும்பே உருகிக் கிடக்கிறது. துளை எப்படி அந்தப் பக்கம் போகும்?” என்றார் பேராசிரியர், தனக்குத் தெரிந்த இடத்துக்குப் பேச்சு வந்த தெம்போடு.

“துளை சரியாம இருக்கக் கேசிங் பைப் எறக்கிட்டாப் போச்சுங்க.”

“கேசிங் உருகிவிடும்!”

“கனமான கேசிங்கா எறக்கோணும்.”

“எத்தனை மில்லிமீட்டர் போட்டாலும் உருகும் சார்!”

இருவரும் ஒரு தாளை இழுத்துப் பூமியைப் படம் போட ஆரம்பித்துவிட்டார்கள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். காலையில் இதே மூவர் ராஜா கதையைப் பார்த்தார்கள். மயில் முழு நீள வசனம் பேசியது. மயிலின் தொண்டை அமைப்பு பேச ஒத்துவருமா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆணைக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. இந்த நாடகத்துக்கோ கேசிங் கனம்வரை விசாரணை நடக்கிறது. விண்ணப்பம் வந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அதைச் சொன்னேன். பயிற்சியாளர் ஒப்புக்கொண்டார். “துளை விஷயத்துல நீங்க சொல்றது சரி. தப்பான காரணம்னாலும் காரணம் இருக்கு. என் பிரச்சினை தேங்காய்தான். அந்தப் பொண்ணையே கூப்பிடலாமா?”

கௌசல்யா வந்தாள். ஆபரேட்டர் வேடத்தில் இருந்தவள் அவளேதான். கன்னத்தில் பூசிய கரி அப்படியே இருந்தது.

“தேங்காய் ஏன் எழுந்து நிக்குதுன்னு நாடகத்துல சொல்லவே இல்லையேம்மா? அது மந்திரமா?”

“மந்திரம் இல்லீங்க மேடம்.”

“அப்ப?”

அவள் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். இவ்வளவு பெரியவர்கள் இவ்வளவு சின்ன விஷயத்தைக் கேட்கிறார்களே, இதில் ஏதாவது சூது இருக்குமோ என்று தயங்குவது தெரிந்தது.

“தேங்கா எந்திரிச்சும் தண்ணி வல்லீங்களே மேடம். அப்பறம் அது எப்படிங்க மந்திரமாவும்?”

டீ சொல்லப் போன அவசரத்தில் நான் மறந்திருந்த அந்தக் கடைசி வாக்கியம், மந்திரம் போட்டால் பலிக்க வேண்டும் என்பது, அப்போதுதான் வந்து சேர்ந்தது. மாயக்கதையாக இருந்தால் தேங்காய் நின்ற இடத்தில் ஊற்று பொங்கியிருக்கும். இங்கே புகைதான் வந்தது. அவள் தேங்காயை அதிசயமாக எழுதவில்லை. நம் ஊர் மனிதர்கள் செய்கிற வேலையாக எழுதியிருக்கிறாள், ஒரு பாத்திரத்துக்கு வெள்ளைச் சட்டையும் மூக்குக் கண்ணாடியும் எழுதுவதுபோல.

பயிற்சியாளர் சிரித்தார். “நான் மாத்திக்கிறேன். பலிக்காத மந்திரம் மிகுபுனைவுல சேராது. சொல்லப்போனா அந்த ரோபோ, அம்மாவோட கண்ணீர் பட்டு உசிர் வந்து அழுதுச்சே, அதுதான் சுத்தமான மிகுபுனைவு. அலுமினியத் தாள் ஒட்டினா அறிவியல் ஆயிடுமா?”

பேராசிரியர் உடனே ஆமோதித்தார். தேங்காயைப் பற்றி இனி யாரும் தன்னைக் கேட்க மாட்டார்கள் என்பதில் அவருக்கு நிம்மதி. ரிக் முதலாளி கையெழுத்துப் போட்டுக்கொண்டே, “நீங்க எந்தப் பிரிவுலயாவது போட்டுக்குங்க. வண்டிய நிறுத்துனது மட்டும் தப்புங்க அம்மிணி” என்றார் அவளிடம்.

மூவரும் ஒரே முடிவு. வெளியே தாளாளர், உள்ளே ஒன்பது ஆ. ஐயம் எழுப்பப்பட்ட பிறகு நடுவர் முடிவு செல்லாது என்று அவர் சொன்னது சரிதான். இதுதான் உங்களுக்கு வரப்போகிற சோதனை. எது நியாயம் என்று அறையில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும், விதி வேறு இடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். அப்போது விதியை மீறுகிறவன் மறுநாள் விளக்கக் கடிதம் எழுதுவான். விதிக்குப் பயந்து கையை விரிக்கிறவனுக்குப் பதவி உயர்வு வரும். நான் இரண்டையும் விட்டு விதியை இன்னொரு முறை மெதுவாகப் படித்தேன். தெளிவுரை பெற வேண்டும் என்றுதான் இருந்தது. தெளிவுரை வரும்வரை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தைகூட இல்லை.

தலைமை அலுவலகத்தைத் தொலைபேசியில் பிடித்தேன். “எழுத்துமூலமா அனுப்புங்க, பரிசீலிக்கிறோம்” என்றார் ஒருவர். சென்னைக்கான பட்டியல் மறுநாள் காலைக்குள் போக வேண்டும் என்றேன். “அதையும் எழுத்துமூலமா அனுப்புங்க” என்றார். அங்கேயே உட்கார்ந்து மின்னஞ்சல் அனுப்பினேன். பொருள்: தேங்காய் எழுந்து நிற்றல், பிரிவு குறித்துத் தெளிவுரை கோருதல்.

அனுப்பியதைத் தாளாளரிடம் காட்டினேன். “ஒன்பது ஆ-வின்படி கேட்டாச்சுங்க. பதில் வரும்வரை நடுவர் முடிவு தற்காலிகமாக நிற்கும்.”

“தற்காலிகமாங்களா? தெளிவுரை எப்ப வருமுங்க?”

“விரைவில்.”

அவரும் பள்ளி நடத்துகிறவர். அனுமதி, புதுப்பித்தல் என்று அரசாங்கத்தோடு அதிகம் பழகியவர். ‘விரைவில்’ என்றால் எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ரொம்ப கெட்டிக்காரருங்க நீங்க” என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு கோப்பில் சேர்க்க முடியவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

மைக்கில் அறிவித்தேன்: “அறிவியல் புனைவுப் பிரிவில், தற்காலிகமாக, முதலிடம்...” பெண்கள் கத்திய கத்தலில் பள்ளியின் பெயர் கேட்கவில்லை. ‘தற்காலிகமாக’ மட்டும் ஒருவர் காதில் தெளிவாக விழுந்திருக்கிறது. மேடையை விட்டு இறங்கியதும் எதிரே வந்து நின்றார். வெயிலில் கருத்த ஆள், முன்கையில் பழைய தழும்பு, தோளில் துண்டு.

“நானு கௌசல்யா அப்பனுங்க. தற்காலிகமா சயின்ஸுன்னா என்னங்க சார் அர்த்தம்? நாளைக்கு சயின்ஸ் இல்லாமப் போயிருங்களா?”

“அப்படியில்லீங்க. மேலிடத்துலேர்ந்து ஒரு தெளிவுரை...”

“அத உடுங்க சார். மேலிடம் நாடகத்தப் பார்த்துச்சா? நீங்க பார்த்தீங்கல்ல. நீங்க சொல்லுங்க. இது சயின்ஸுங்களா, இல்லீங்களா?”

பணிக்காலம் முழுக்க நான் ஒரு கேள்விக்கும் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னவன் இல்லை. வாய்மொழியாகக் கருத்துச் சொல்லக் கூடாது என்று பயிற்சியில் உங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நானே பல பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவருக்குப் பின்னால் கௌசல்யா நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சயின்ஸ் நாடகம்தானுங்க” என்றேன்.

“அந்தத் தேங்கா?”

“அது சயின்ஸ் இல்லீங்க.”

அவர் முகம் விரிந்தது. “அது எனக்குந் தெரியுமுங்க சார். எத்தன வருசமா அது காட்டுன எடத்துல ஓட்டை போட்டுட்டு வாரேன். பாதிக்குப் பாதி புகைதான். பார்ட்டி கேக்கறாங்க, அவிங்க மனசுக்கு நிக்கட்டும்னு உட்டர்றது.” துண்டால் முகத்தைத் துடைத்தார். “ஆனா ஒண்ணு சார். தட்டுன சத்தம் கேட்டதும் வண்டிய நிறுத்துனாம் பாருங்க அந்த ஆபரேட்டரு. முதலாளி திட்டுவாரேன்னு பார்க்காம. நானா இருந்தா நிறுத்தியிருக்க மாட்டேன். அவன எனக்குப் புடிச்சுப் போச்சு. அது யாரு கண்ணு, எங்க பார்த்தே அப்படி ஒருத்தனன்னு இவளக் கேட்டேன். ‘நீங்கதானுங்கப்பா’ங்கறா.”

கௌசல்யா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் மறுபக்கம் திரும்பி, சாலையில் போன ஒரு லாரியைத் தேவைக்கு அதிகமாகப் பார்த்தார்.

“பொய்யிங்க சார். நானு அப்படி இல்ல” என்றார். பிறகு, “இருந்தாலும் எழுதிப்புட்டா. மெட்ராசுக்கு எப்பங்க வண்டி?”

சென்னையில் அவர்கள் ஜெயிக்கவில்லை. நடுவர்கள் நாடகத்தில் அறிவியல் குறைவு என்றார்களாம், நடிப்பு மிக இயல்பு என்றார்களாம். பயிற்சி முகாமில் கௌசல்யா கடைசி நாள்வரை இருந்தாள். துணைக்குப் போன அப்பா தினமும் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஊர் வந்ததும், “என்ற புள்ள சயின்ஸ் நாடகம் எழுதறா” என்று வண்டி நிற்கும் இடமெல்லாம் சொன்னாராம். பள்ளி முடித்து அவள் சேலத்தில் நிலவியல் சேர்ந்தாள். அங்கேயும் ஒரு நாடகக் குழு வைத்திருக்கிறாள் என்று தமிழாசிரியை சொன்னார். சான்றிதழில் ‘தற்காலிகமாக’ என்ற சொல் இருந்ததால் கல்லூரியில் யாராவது ஆட்சேபித்தார்களா என்று விசாரித்தேன். அதை யாரும் படிக்கவே இல்லையாம்.

நான் மட்டும் முறைப்படி நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு காலாண்டும், அதே பொருள், அதே தேங்காய். பதில் வந்து எல்லாவற்றையும் கவிழ்த்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்டவன்தான் நினைவூட்ட வேண்டும். அதில் எனக்குச் சலுகை கிடையாது. ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் அந்தப் பெண்ணின் முகம் ஞாபகம் வரும். அனுப்புகிற விரல் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும், ஆனாலும் போகும்.

கடைசியில் வந்தது. மனைவியோடு ஜேடர்பாளையத்தில் காவிரிக்கரைக் கூட்டத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றபோது சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்தது. கண்ணாடி இல்லாமல் கையை நீட்டிப் படித்தேன். அறிவியல் புனைவு, மிகுபுனைவு ஆகிய இரு பிரிவுகளும் ‘கற்பனை நாடகம்’ என்ற ஒரே பிரிவாக இணைக்கப்பட்டுவிட்டபடியால், பார்வையில் கண்ட பொருள் குறித்துத் தெளிவுரை வழங்க வேண்டிய அவசியம் எழவில்லை என்றும், ஏற்கெனவே எடுக்கப்பட்ட தற்காலிக முடிவுகள் அனைத்தும் இறுதியானவையாகக் கருதப்படலாம் என்றும் எழுதியிருந்தார்கள். இரண்டு முறை படித்தேன். “என்னங்க, சிரிக்கறீங்க?” என்றாள் மனைவி. அலுவலகம் திறக்கும்வரை காத்திராமல், தமிழாசிரியைக்கு அந்தப் பதிலை அங்கிருந்தே அப்படியே அனுப்பிவிட்டேன். கௌசல்யா அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அன்று ஆகஸ்ட் மூன்று, ஆடிப் பதினெட்டு, மாவட்டம் முழுவதற்கும் உள்ளூர் விடுமுறை.